எல்லை மலைகள் – 14: விமான தூரமும் மலைத் தூரமும்

கோயம்புத்தூர் பீளமேடு விமான நிலையத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே இறங்கி, ஆனைமலையின் புல்வெளி முகடுகளைத் தாண்டி, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியை உரசிக்கொண்டு மூணாற்றில் போய் முடியும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. கோட்டின் நீளம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜெட் விமானம் அதைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். தரையில் உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் என்று சுற்றி ஏற வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், ஐந்து மணி நேரம். வழியில் படையப்பா என்று ஊரே பெயர் வைத்திருக்கும் கொம்பன் யானை சாலையில் நின்றுவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் என்பதை அவன்தான் முடிவு செய்வான்.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் முதுகுப்பக்கம் தமிழ்நாடு. வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் எல்லை ஊர்கள் சமவெளியில் கிடக்கின்றன. மறையூர், வட்டவடை, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று இடுக்கியின் எல்லை ஊர்கள் மலை விளிம்பில் நிற்கின்றன. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பறக்கிறார்கள். விமானத்தில் ஏறிய பிறகு இருவருக்கும் ஒரே நேரம்தான். ஏறுவதற்கு முன்னால் ஆகும் நேரம் இருவருக்கும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் எப்படி உண்டானது என்பதுதான் இந்த இதழின் கதை.

முதலில் விமான தூரம் என்பதைப் பார்த்துவிடுவோம். கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு ஏறத்தாழ 2,780 கிலோமீட்டர். லண்டனுக்கு 8,200. பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் எது மிகக் குறுகிய வழியோ அதன் நீளம் இது. தட்டையான வரைபடத்தில் அந்த நூல் வடக்கே வளைந்து தெரியும். கேரளத்திலிருந்து லண்டன் போகிறவர்கள் இருக்கைத் திரையில் விமானம் வடக்கே ஏறுவதைப் பார்த்து வியப்பார்கள். உருண்டையில் அதுதான் நேர்வழி. விமானிகள் கிலோமீட்டரில் கணக்குப் போடுவதில்லை. கடல் மைலில் போடுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு அது.

நேரம் வேறு கணக்கு. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் 2,780 கிலோமீட்டரைக் கடக்க மூன்றேகால் மணி நேரம் போதும். ஆனாலும் பயணச்சீட்டில் நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். மேற்கே போகும்போது உயரத்தில் எதிர்காற்று பிடித்தால் நேரம் கூடும், திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிட்டால் குறையும். துபாய்க் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுவதால், காலை நான்கு மணிக்குப் புறப்படுகிறவர் அங்கே ஆறரைக்கு இறங்குவார். திரும்பும்போது அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் தொடங்கி இன்னொன்றின் ஓடுபாதையில் முடிந்துவிடுகின்றன. வட்டவடையில் காய்கறிக் காட்டை விட்டுக் கிளம்பும் பையனுக்கு ஓடுபாதை வருவதற்குள்ளேயே பாதிப் பகல் போய்விடும்.

*

விமானம் கண்டுபிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்த மலைகளின் நேர்தூரம் அளக்கப்பட்டுவிட்டது. சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய, லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முக்கோண அளவை 1809 வாக்கில் குமரி முனையை எட்டியது. பிறகு 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்தார்கள். முகட்டிலிருந்து முகட்டுக்குக் கோணம் பிடித்தால் நடுவில் எத்தனை பள்ளத்தாக்கு இருந்தாலும் நேர்தூரம் கிடைத்துவிடும். காகிதத்தில் மலை சுலபமாகக் கடக்கப்பட்டது. கருவிப் பெட்டியைத் தலையில் வைத்து ஏறியவர்கள்தான் அதன் உண்மையான தூரத்தை அறிந்தவர்கள். அவர்கள் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

அவர்களுக்கும் முன்னால் ஏறியவர்கள் முதுவர் பழங்குடியினர். மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறினோம் என்று அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இந்த மலைக்கு வந்த பயணங்களில் மிகப் பழையதாக மக்கள் நினைவில் நிற்பது அதுதான். வந்த திசை கிழக்கு.

கிழக்கு என்பது முக்கியம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. அதன் பிறகு கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆள் திரட்டிக் கூட்டி வந்தார்கள். அவர்கள் போடிநாயக்கனூர் வந்து, கொட்டகுடி, குரங்கணி வழியாகக் காலால் ஏறினார்கள். துரைமார்களும் அதே வழிதான். ரயிலில் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் போடி வந்து, அங்கிருந்து மட்டக்குதிரையில் ஏறினார்கள். கேரளக் கரையிலிருந்து இந்த மலைக்கு வருவதைவிட மதுரைப் பக்கமிருந்து வருவது அன்று எளிது.

ஏறினது மனிதர்கள் என்றால், இறங்கினது தேயிலை. அது இறங்கிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளை ஏற்படுத்தினார்கள். இழுத்தவை காளைகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். ரயில் டாப் ஸ்டேஷன் வரைக்கும்தான் போகும். அதற்கப்புறம் மலை செங்குத்தாக விழுகிறது. அங்கே தேயிலைப் பெட்டிகளை ரோப்வே கம்பியில் மாட்டி விட்டார்கள். கம்பி ஐந்து கிலோமீட்டர் அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடிக்கு வரும். மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிதான் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து வண்டி கட்டிப் போடி. போடிக்கு அப்பால் சமவெளி ரயில். பிறகு துறைமுகம், கப்பல், சூயஸ், லண்டன்.

கொளுந்து கிள்ளிய பெண் தன் ஊருக்குப் போக அதே சரிவில் கைக்குழந்தையோடு நடந்து இறங்கினாள். அவள் கிள்ளிய கொளுந்து பெட்டிக்குள் தூளாகி அவள் தலைக்கு மேலே கம்பியில் மிதந்து போனது. இந்த மலையில் வான்வழிப் போக்குவரத்து தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். முதல் பயணி தேயிலை.

1924 ஜூலை மழையில் அது எல்லாம் போயிற்று. மலையாளக் கணக்கில் 1099ஆம் ஆண்டு என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். குண்டளை ரயில் அடித்துச் செல்லப்பட்டது. திரும்பப் போடவே இல்லை. ரயில் நிலையமாக இருந்த கட்டிடம் மூணாற்றில் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக நிற்கிறது. மாங்குளம் பக்கமாகப் போன பழைய மேற்குச் சாலையும் அதே வெள்ளத்தில் அழிந்தது. பிறகு ஆலுவாவிலிருந்து நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை வந்தது. 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் திறந்தார்கள். அன்றிலிருந்து மூணாற்றின் தலைவாசல் மெல்ல மேற்குப் பக்கம் திரும்பியது. கிழக்கே 1928இல் மதுரை–போடி ரயில் வந்திருந்தாலும், உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போருக்குப் பிறகு ஐம்பதுகளில்தான் திரும்ப வந்தது.

*

பாலம் திறந்த அதே ஆண்டில் கேரளத்துக்கு விமானமும் வந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது.

1929 மார்ச் 30இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி சேவையைத் தொடங்கியது. வழியில் ஒரு துண்டு ரயில், இரவெல்லாம் தரையில் தங்கல் என்று ஏழு நாள் ஆகும். கப்பலில் மூன்று வாரம் ஆன இடத்தில் ஏழு நாள் என்பது அன்று பெரிய அதிசயம். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா ஒரு புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டையைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். லண்டன் கடிதம் தெற்கே வரும் வழி அப்படித் திறந்தது. 1935 அக்டோபர் 29இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் டாடா விமானம் வந்து இறங்கியது. 1938இல் பேரரசு வான்தபால் திட்டம் இந்தியாவுக்கும் நீண்டபோது, கராச்சியிலிருந்து பம்பாய், ஹைதராபாத், சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை டாடா விமானங்கள் தபால் சுமந்தன.

அந்தத் தபால் மூணாற்றுத் துரை பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பா, பாலைவனம், அரபிக்கடல், தக்காணம் எல்லாம் பறந்து தாண்டிய கடிதம் கடைசியில் மலையடிவாரத்தில் வந்து நிற்கும். அங்கிருந்து மலைப்பாதையின் வேகம்தான் அதன் வேகம். ஆயிரக்கணக்கான மைல் சுருங்கிவிட்டது. கடைசிச் சில மைல்கள் அப்படியே கிடந்தன. தொழிலாளி குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்த கடிதத்துக்கோ வான்தபால் பேச்சே இல்லை. கோவில்பட்டியிலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ வரும் சாவுச் செய்தி, காரியம் எல்லாம் முடிந்த பிறகே மேலே வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 ஜூன் 8இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் விமானத்தை விட்டது. அந்த கான்ஸ்டலேஷன் விமானத்தின் பெயர் மலபார் பிரின்சஸ். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. விமானத்துக்குத் தன் மாவட்டத்தின் பெயர் என்பதைத் தவிர அதனால் பாலக்காட்டுக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. ஏற வேண்டுமென்றால் பம்பாய்க்குப் போக வேண்டும்.

போனார்கள். பாலக்காட்டின் பாக்கியம் அதன் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. 1862இலேயே சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் அதன் வழியே ஓடியது. எழுபதுகளில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபோது பாலக்காட்டுப் பிள்ளைகள் ஒலவக்கோடு நிலையத்தில் ரயிலேறி, ஈரோடு, ஜோலார்பேட்டை, குண்டக்கல், ராய்ச்சூர், புனே என்று சுற்றி இரண்டு நாளில் பம்பாய் போய்ச் சேர்ந்தார்கள். கொங்கண் ரயில் வந்தது 1998இல்தான். பம்பாயில் ஏதாவது ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்து, விசாவுக்கும் சீட்டுக்கும் காத்திருந்து, பிறகு மூன்று மணி நேரத்தில் அரபிக்கடலைத் தாண்டினார்கள். விமான நேரத்தைப் போலப் பல மடங்கு ரயில் நேரம், அதைப் போலப் பல மடங்கு காத்திருப்பு.

ரயில் நேரம் பிறகு வேகமாகக் குறைந்தது. 1988இல் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் திறந்தது. 1991இல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையமானது. 1999 மே 25இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நெடும்பாசேரியைத் தொடங்கி வைத்தார். ஜூன் 10இல் தம்மாமிலிருந்து வந்த ஏர் இந்தியா விமானம் முதலில் இறங்கியது. வெளிநாட்டு மலையாளிகளின் பணமும் சேர்த்துக் கட்டிய நிலையம் அது. கோவையிலிருந்தும் சார்ஜாவுக்கு விமானம் வந்தது. வேலந்தாவளத்துக்காரருக்கு இன்று ஒரு மணி நேரத்தில் பீளமேடு. நான்கு மணி நேரத்தில் வளைகுடா.

பீளமேட்டு ஓடுபாதையே கணவாயைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறது. அதன் இரு முனைகளிலும் 05, 23 என்று எழுதியிருக்கும். வடகிழக்கு 50 பாகை, தென்மேற்கு 230 பாகை என்பதன் சுருக்கம் அது. விமானம் கூடுமானவரை எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டு வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்றுக்கு முகம் கொடுத்து விமானங்கள் இறங்கும். கொழிஞ்சாம்பாறையில் பனைகளைச் சாய்க்கிற அதே காற்று.

*

கணவாய் இல்லாத இடத்தில் விமானத்துக்கு மலை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு துயரச் சாட்சிகள் இருக்கின்றன. 1950 டிசம்பர் 13இல் கணவாயின் வடக்குச் சுவரான நீலகிரியில் ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று கோத்தகிரிப் பக்கத்து மலையில் மோதியது. இறந்தவர்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவியும் இருந்தார்கள். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகளுக்காக வந்தவர். போர்க்காலத்தில், குண்டடி பட்டுத் திரும்பிய விமானங்களை மட்டும் பார்க்காதீர்கள், திரும்பாதவற்றையும் கணக்கில் எடுங்கள் என்று காட்டியவர் அவர்.

இரண்டாவது, இடுக்கியின் கிழக்கு எல்லையில். 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், பார்வை மங்கிய வானிலையில் சின்னமனூருக்கு மேலே மேகமலைத் தொடரில் மோதியது. நான்கு பணியாளர்களும் பதினேழு பயணிகளும் இறந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். மதுரை ஓடுபாதைக்குச் சில நிமிடம்தான் இருந்தது.

கொச்சியிலிருந்து மதுரைக்கு வான்தூரம் 190 கிலோமீட்டர்தான். அந்தக் கோடு மூணாற்றுக்குப் பக்கத்தில்தான் மலையைத் தாண்டுகிறது. நெடும்பாசேரியிலிருந்து மூணாறு நேர்தூரம் 75 கிலோமீட்டருக்குள். சாலையில் 110, நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நேரியமங்கலத்துக்கும் அடிமாலிக்கும் நடுவே மண் சரிந்தால் கணக்கே கிடையாது.

இந்த நான்கு மணி நேரத்தைக் குறைக்க வானத்தில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். 2022 ஏப்ரலில் சிறு விமானம் ஒன்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரே நின்ற மேட்டால் இறங்க முடியாமல் திரும்பியது. அந்த ஆண்டு மழையில் ஓடுபாதையின் ஓரமே சரிந்தது. டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இலகு விமானம் இறங்கியது. இடுக்கி மண்ணில் இறங்கிய முதல் விமானம் என்று ஊர் கூடிக் கொண்டாடியது. 2024 நவம்பர் 11இல் கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய கடல்விமானம் ஒன்று சுமார் அரை மணி நேரத்தில் மாட்டுப்பட்டி அணை நீரில் இறங்கியது. கரையில் அமைச்சர்கள் வரவேற்றார்கள். அந்த நீரைக் கடந்துதான் யானைகள் காட்டிலிருந்து காட்டுக்குப் போகின்றன என்று வனத்துறை கவலை தெரிவித்தது. கவலை நியாயமானதென்றே எனக்குப் படுகிறது. அதைவிடப் பெரிய கேள்வி, அந்த விமானத்தில் ஏறப்போவது யார் என்பது. கொளுந்துக்காரிக்குப் பிரசவ வலி கண்டால் அதில் ஏற்றுவார்களா?

*

மலைக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள உறவை 2018 ஆகஸ்டில் தண்ணீர் காட்டியது. அந்த மாதம் 9ஆம் தேதி இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணைத்தொகுதியின் செறுதோணி மதகுகள் திறந்தன. மூணாற்றில் பெய்த மழை முதிரப்புழையாகிப் பெரியாற்றில் கலந்து, ஆலுவாவை மூழ்கடித்து, நெடும்பாசேரி ஓடுபாதைக்குள் ஏறியது. 15ஆம் தேதி மூடிய விமான நிலையம் 29ஆம் தேதிதான் திறந்தது. நடுவில், 1999ஆம் ஆண்டிலிருந்து பயணிகள் விமானம் பார்க்காத வில்லிங்டன் தீவுக் கடற்படை ஓடுபாதையில் சிறிய ஏ.டி.ஆர். விமானங்களை இறக்கினார்கள். உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. அதே வெள்ளம் மூணாறு–மறையூர் சாலையில் பெரியவரைப் பாலத்தையும் கொண்டுபோனது. அதை அதிகம் பேர் பார்க்கவில்லை.

விமான நிலையம் பதினைந்து நாளில் திரும்ப வந்தது. பெரியவரைக்குத் தற்காலிகப் பாலம் போட்டார்கள். அடுத்த மழையில் அது போயிற்று. திரும்பப் போட்டார்கள். புதுப் பாலத்தின் வேலை இரண்டு ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை.

2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை இரவு. பெட்டிமுடியில், ராஜமலைக்கு அப்பால், தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயங்களின் மேல் மலை இறங்கியது. நேரம் இரவு பத்தேமுக்கால். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. வெளியுலகத்துக்குச் சேதி மறுநாள் காலைதான் தெரிந்தது. பெரியவரைத் தற்காலிகப் பாலம் அதே மழையில் போயிருந்தது. மீட்புப் படையின் கனரக வண்டிகள் தடுமாறின. வானிலை ஹெலிகாப்டரை விடவில்லை. மூணாற்றிலிருந்து பெட்டிமுடிக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அந்த இருபத்தைந்து கிலோமீட்டரில் ஓர் இரவும் பாதிப் பகலும் போனது. எழுபது பேர் இறந்தார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம். சேதி கேட்டுக் கிளம்பிய சொந்தக்காரர்கள், கொரோனா ஊரடங்கில் மாநில எல்லையில் அனுமதிச் சீட்டுக்கும் போராட வேண்டியிருந்தது.

மறுநாள் 7ஆம் தேதி இரவு ஏழேமுக்காலுக்குச் சற்று முன்னால், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கரிப்பூரில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. இருபத்தொரு பேர் இறந்தார்கள். பக்கத்துக் கொண்டோட்டி மக்கள் கொரோனா பயத்தையும் பார்க்காமல் ஓடிவந்து ஆட்களைத் தூக்கிச் சுமந்தார்கள். நிமிடக் கணக்கில் வண்டிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் பறந்தன. இரத்தம் கொடுக்க இரவில் வரிசை நின்றது. அந்த மனிதர்களை நினைக்கும்போது இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

8ஆம் தேதி ஆளுநரும் முதலமைச்சரும் கரிப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிமுடிக்கு அவர்கள் போனது 13ஆம் தேதி. விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் என்றது. இரண்டு துக்கங்களையும் தராசில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் மூணாற்றுத் தொழிலாளர்கள் அன்று கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் எனக்கு ஏற்கும்படியான பதில் சொல்லவில்லை. துபாயிலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்தவர்களை அரசின் தலைமை ஓர் இரவில் எட்டியது. அதே மாநிலத்துக்குள், தன் சாலையின் முனையில் இருந்தவர்களை எட்ட ஒரு வாரம் ஆனது.

பெட்டிமுடிக்கு அப்பால் இடமலைக்குடி இருக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தானது. உடம்புக்கு முடியாதவரைக் கம்பில் துணி கட்டித் தூளியாக்கி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து மணிக்கணக்காகக் காட்டுவழியே நடக்கும் முதுவர்களின் படம் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. லயத்து மக்களுக்கும் பெரிய வைத்தியம் என்றால் கோட்டயம், அல்லது மலை இறங்கித் தேனி, மதுரை. இவர்களுடைய ஊர்களை எந்த விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று சுற்றுலாத் துறை அச்சிடுகிறது. பிரசவ அறையிலிருந்து எத்தனை நிமிடம் என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. அந்த எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும். எழுதி, ஆண்டுதோறும் அது குறைகிறதா என்று கேட்க வேண்டும்.

சில இடங்களில் குறைந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மூடிய மதுரை–போடித் தடம் 2023 ஜூன் 15இல் போடி வரை திரும்பத் திறந்து, சென்னையிலிருந்தே ரயில் போடிக்கு வருகிறது. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வரை 42 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தி 2024இல் திறந்தார்கள். பெட்டிமுடியில் தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறுவேலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 13 அன்று ஆளுநரும் முதலமைச்சரும் வந்த ஹெலிகாப்டர் பெட்டிமுடியில் இறங்கவில்லை. ஆனச்சாலில் இறங்கியது. அங்கிருந்து அவர்களும் காரில்தான் போனார்கள். மூணாறு தாண்டி, பெரியவரை வழியாக.

பெரியவரைப் பாலம் ஏன் அத்தனை ஆண்டு இழுத்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)